பிதுரார்ஜிதம்

செம்பியம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்காரர் விட்டுக்கொடுத்த முக்கால் நிழலில்
இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
ஊரார் அப்பன் சொத்தை
ஊரார் பிள்ளைகளுக்குப் பங்கு வைக்கிற கை.

எங்கள் அப்பா துரைக்கண்ணு விட்டுப் போனது
ஒரு டிவிஎஸ் ஃபிப்டி,
சொசைட்டிக் கடன்,
இரண்டு சிறுநீரகம் நிறைய நீர்க்கட்டி.
உயில் எழுதவில்லை. தேவைப்படவில்லை.

சுலோச்சனாவுக்கு ஒன்றுமில்லை.
ஸ்கேன் பார்த்த அன்று என் கையைப் பிடித்து அழுதாள்,
ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டவள் மாதிரி.
கஜபதிக்கு இருந்தது.
செவ்வாய், வெள்ளி ஸ்டான்லியில் டயாலிசிஸ்.
இப்போது படத்தில், பிளாஸ்டிக் மாலையோடு.
எனக்கும் இருக்கிறது.

மார்ச் மாதம். வழிகாட்டி மதிப்பு ஏறப்போகிறதென்று
தெருமுனை வரை கூட்டம்.
"வடக்கே" என்று எழுதி, யார் மனை என்று எழுதுமுன்
இடது விலாவுக்குக் கீழே
கடப்பாரையை நட்டுத் திருகினார்கள்.
"அக்கா, வடக்கே யாரு?"
வாய் திறந்தால் வாந்திதான் வரும்.
கட்டி உடைந்துவிட்டது என்றே நினைத்தேன்.
கஜபதிக்கு அப்படித்தான் ஒருமுறை, சிவப்பாகப் போனது.

ஸ்கேன் டாக்டர் சின்னப் பையன்.
திரையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான்.
இத்தனை கட்டிக்கு நடுவே வெள்ளையாய் ஒன்று;
கட்டியின் சுவரா, கல்லா, இதில் சொல்ல முடியாதாம்.
சிடியில் தெரிந்தது: கல்தான்.
ஐந்து மில்லிமீட்டர்.

"இந்த மாதிரி கிட்னியில கல்லு வர்றது சகஜம்மா.
வெளியில இருந்து அதிர்வு கொடுத்து உடைக்க யோசனையா இருக்கு,
கட்டியில ரத்தம் கசிஞ்சிடும்.
தண்ணி குடிங்க. மூணு லிட்டர். எலுமிச்சம்பழம் பிழிஞ்சு."

மூன்று லிட்டர் குடித்து எங்கே போவது?
ஆபீஸ் கழிப்பறைச் சாவி காவலாளி இடுப்பில்.
கேட்டால் சிரிப்பான்.
அரை பாட்டிலில் ஓட்டிய பகல்கள்
எத்தனை என்று எந்தப் புத்தகத்திலும் பதிவாகவில்லை.
"கட்டி பிதுரார்ஜிதம், சரி.
கல்லு என் சுயார்ஜிதமா சார்?"
அவருக்கு அந்த வார்த்தைகள் தெரியவில்லை.
மாத்திரை எழுதினார்.

அன்றிரவு, வலிக்கு நடுவே, பழக்க தோஷம்:
*சொத்து விவரம். இடது சிறுநீரகம் ஒன்று,
நீளம் பதினாறு சென்டிமீட்டர்.
மேற்படிக்கு வடக்கே மண்ணீரல், தெற்கே இடுப்பெலும்பு,
கிழக்கே விலா, மேற்கே முதுகெலும்பு.
இதற்குட்பட்ட, மழையில்லாமல் நிரம்பும் ஏரிகளும்
சர்வே கல் ஒன்றும் சேர.*
யாதொரு வில்லங்கமும் இல்லை என்று முடிக்கவேண்டும்.
முடிக்கவில்லை.

நிரஞ்சனி புதிதாக ஒரு டீ வடிகட்டி வாங்கி வந்தாள்.
சமையலறைக்குப் போய்விடக் கூடாதென்று
பிடியில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்தாள்.
ஒன்பதாம் நாள் விடியுமுன்,
தெருவில் தண்ணி லாரிக்குக் குடங்கள் இடித்துக்கொண்டிருக்க,
விழுந்தது. சத்தமே இல்லை.
முள் முளைத்த கடுகு.
இதற்கா?

லேபுக்குக் கொடுக்குமுன் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாள்.
"அழகா இருக்கும்மா" என்றாள்.
போனை எடுக்காமலே,
"எனக்கு வர்ற மாசம் இருபது" என்றாள்.

ஓட்டேரி ஸ்கேன் சென்டர். டோக்கன் முப்பத்தொன்று.
நீர்ப்பை நிறைய வேண்டும் என்று ஒரு லிட்டர் பாட்டில்.
படிவத்தில் "தகப்பன் பெயர்" என்ற கோட்டில்
அவள் தகப்பன் பெயரை எழுதுகிறாள்.
பிழையில்லை.
ஆனாலும் அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்து,
*தாய்வழி* என்று திருத்தக் கை துடிக்கிறது.

கால்களை இறுக்கி ஆட்டிக்கொண்டு
பாட்டிலை என்னிடம் நீட்டுகிறாள்.
"மீதிய நீ குடி.
இன்னிக்கு உன் மூணு லிட்டர்
இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."